வேப்பங்கொட்டைக் கரைசல்: பழைய கொட்டையில் அசாடிராக்டின் மிச்சம் இருக்குமா?

கரிசல்காடு கேட்டது:

வணக்கம். கத்தரி ஒரு ஏக்கர், நட்டு 40 நாள். எபிலாக்னா வண்டின் புழு இலையைச் சுரண்டுகிறது. சில செடிகளில் புரோடீனியா என்கிற இலைதின்னிப் பூச்சியின் முட்டைக் குவியல் இருக்கிறது. குருத்து வாடலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரிகிறது. வேப்பங்கொட்டைக் கரைசல் 5 சதம் அடிக்க எண்ணம்.

கையில் இருப்பது போன ஆடியில் பொறுக்கிக் காயவைத்த கொட்டை, 30 கிலோ. உள்ளே பிளாஸ்டிக் பை போட்ட உரச்சாக்கில் கட்டி வைத்தது. இப்போது சித்திரை. இதில் அசாடிராக்டின் என்கிற மருந்துச் சத்து இன்னும் இருக்குமா? வீட்டிலேயே பார்த்துத் தெரிந்துகொள்ள வழி உண்டா?

இன்னொன்று, போர் தண்ணீரின் பிஹெச் 8.2, கடினத்தன்மையும் உண்டு. துணி துவைக்கிற சோப்புத்தூளைத்தான் ஒட்டுவதற்குச் சேர்க்கச் சொல்கிறார்கள். கோமியத்தில் பத்து நாள் ஊறப்போட்டால் வீரியம் கூடும் என்று ஒரு பேச்சு. கடையில் 300 பிபிஎம், 1500 பிபிஎம், 10000 பிபிஎம் என்று வேப்பமருந்துப் பாட்டில் இருக்கிறது. விலை தாறுமாறாக வேறுபடுகிறது. 5 சதக் கரைசல் இவற்றில் எதற்குச் சமம்?

---

வேம்படி எழுதியது:

முதலில் அளவு. ஓடு நீக்கினால் கொட்டையின் எடையில் ஏறத்தாழ பாதிதான் பருப்பு. 30 கிலோவில் 15 கிலோ தேறும். 5 சதம் என்பது 100 லிட்டருக்கு 5 கிலோ பருப்பு. கொட்டை அல்ல, பருப்பு. இங்கேயே பலர் தவறுகிறார்கள். ஓட்டோடு இடித்து 5 கிலோ போட்டால் கையில் வருவது 2.5 சதம். ஏக்கருக்கு 200 லிட்டர் என்று வைத்தால் 10 கிலோ பருப்பு வேண்டும். எடை போதும், சரக்குதான் சந்தேகம்.

எட்டு மாதத்துக்கு மேல் ஆன கொட்டையைப் பயன்படுத்த வேண்டாம் என்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. உங்களுடையது ஒன்பது மாதம். காற்றோட்டமான சாக்கில் நிழலில் இருந்திருந்தால் ஒரு மாதத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். பிளாஸ்டிக் பைக்குள் கட்டியதுதான் கவலை. கொட்டையில் மிச்சமிருந்த ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

ஒரு கைப்பிடி கொட்டையைச் சாக்கின் மேல், நடு, அடி மூன்று இடத்திலிருந்தும் எடுத்து உடைத்துப் பாருங்கள். நல்ல பருப்பின் தோல் பழுப்பாகவும் உள்ளே வெளிர்பச்சையாகவும் இருக்கும். நகத்தால் அழுத்தினால் எண்ணெய் கசியும். பூண்டு போன்ற காட்டமான வாடை வரும். உள்ளே கறுப்பு, கரும்பழுப்பு, பச்சைத்தூள், வெள்ளை நூல் இருந்தாலும், சிக்கு வாடை வந்தாலும் அந்தக் கொட்டை வேண்டாம். நூற்றுக்கு இருபது முப்பது இப்படி வந்தால், பொறுக்கிச் சரிசெய்ய உட்காராமல் மொத்தத்தையும் நிலத்துக்கு உரமாகப் போட்டுவிடுவதே மேல். பூஞ்சணம் பிடித்த வேப்பங்கொட்டையில் அஃப்லடாக்சின் என்கிற பூஞ்சண நஞ்சும் சேரும். அதை இடித்துத் தூளாக்கி மூக்கால் இழுப்பது நல்லதல்ல.

முளைக்கிறதா என்று போட்டுப் பார்க்கச் சொல்பவர்கள் உண்டு. அது பயன்படாது. வேப்பங்கொட்டையின் முளைப்புத் திறன் சில வாரங்களிலேயே போய்விடும். முளைக்காத கொட்டையிலும் கசப்புச் சத்து இருக்கலாம்.

கரைசல் போடும் முறை, 100 லிட்டருக்கு:

பருப்பு 5 கிலோவை உரலிலோ மிக்சியிலோ ரவை பதத்துக்கு உடையுங்கள். மாவாக அரைத்தால் எண்ணெய் விட்டுக் களியாகிவிடும். அந்தக் களிக்குள் தண்ணீர் இறங்காது. மிக்சியில் என்றால் விட்டு விட்டு ஓட்ட வேண்டும், சூடேறக் கூடாது. தூளை 10 லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவையுங்கள். காலையில் மரக்கட்டையால் நன்றாகக் கலக்கினால் பால் போல் வெளுத்து வரும். இரட்டைக் காடாத்துணியில் வடித்துப் பிழியுங்கள்.

பிழிந்த சக்கையைத் தூக்கிப் போடாதீர்கள். மீதி 90 லிட்டரில் ஒரு 20, 30 லிட்டரை எடுத்து இரண்டு மூன்று தவணையாக அதே சக்கையில் ஊற்றிக் கலக்கிப் பிழிந்து முன்பு வடித்ததோடு சேருங்கள். இரண்டாவது பிழிவும் வெள்ளையாகத்தான் வரும், கசப்பும் இருக்கும். பிறகு 100 லிட்டராக்கிக்கொள்ளலாம். கடைசிச் சக்கை செடி அடிக்குப் போகட்டும்.

தெளிப்பானில் ஊற்றும்போது இன்னொரு முறை துணியில் வடிகட்டுங்கள். நாசில் அடைப்பதற்கு முக்கால்வாசிக் காரணம் இந்த ஒரு வேலையைச் சோம்பலில் விடுவது. போட்ட கரைசலை அன்றே அடித்து முடிக்க வேண்டும். மாலை 3.30 மணிக்கு மேல்தான், இலையின் அடிப்பக்கம் நனையும்படி. வெந்நீரில் ஊறவைத்தால் சீக்கிரம் இறங்கும் என்று செய்யாதீர்கள், சூட்டில் சத்து சிதையும்.

---

மூலக்கூறு எழுதியது:

ஏன் இந்தக் கொட்டை இவ்வளவு சீக்கிரம் கெடுகிறது, ஏன் சோப்புத்தூளும் கோமியமும் பிரச்சினை என்பதை வேதியியல் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

அசாடிராக்டின் ட்ரைடெர்பினாய்டு வழியில் வந்த பொருள். 30 கார்பன் கொண்ட ட்ரைடெர்பீன் கூட்டிலிருந்து நான்கு கார்பனை வேப்பமரமே கழற்றிவிடுகிறது. மிஞ்சுவது 26 கார்பன் கூடு. லிமோனாய்டு என்ற வகை. அதன் மேல் டிக்லிக் அமிலத் துண்டு 5 கார்பன், அசிட்டேட் 2, இரண்டு மெத்தில் எஸ்டரின் மெத்தில்கள் 2. ஆக மொத்தம் 35 கார்பன், 44 ஹைட்ரஜன், 16 ஆக்சிஜன். மூலக்கூறு எடை சுமார் 720. எஸ்டர்கள், ஒரு எபாக்சைடு, ஒரு ஈனால் ஈதர் என்று சிதையக்கூடிய இடங்களெல்லாம் ஒரே மூலக்கூறில் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. காரம் பட்டால் எஸ்டர் உடையும். கடும் அமிலம் பட்டால் எபாக்சைடும் ஈனால் ஈதரும் போகும். சூரியனின் புற ஊதாக் கதிர் டிக்லேட்டைக் குலைக்கும். பிஹெச் 4 முதல் 6 வரை, குளிர்ச்சி, இருட்டு: இதில்தான் நிம்மதியாக இருக்கும்.

ஆய்வகத்தில் இதை உருவாக்குவதும் லேசில்லை. இங்கிலாந்தில் கீல் பல்கலைக்கழகத்தில் பட்டர்வொர்த்தும் மார்கனும் 1968இல் பிரித்தெடுத்தார்கள். கட்டமைப்பு சரியாகத் தெளிய 1985 ஆயிற்று. முழுச் செயற்கைத் தயாரிப்பை கேம்பிரிட்ஜில் ஸ்டீவன் லே குழு 2007இல்தான் முடித்தது, 22 வருட வேலைக்குப் பிறகு. ஆலையில் செய்ய அந்த வழி கட்டுப்படியாகாது. ஆகவே கடைப் பாட்டிலில் இருப்பதும் யாரோ பொறுக்கிய கொட்டையிலிருந்து வந்ததுதான்.

உங்கள் தண்ணீர் பிஹெச் 8.2, காரப் பக்கம். துணி சோப்புத்தூளில் சலவைச் சோடா இருக்கும், அது இன்னும் மேலே தூக்கும். பரிந்துரையில் 1 சதம் என்றிருக்கிறது, 100 லிட்டருக்கு 1 கிலோ. காதி சோப்பாக 200 கிராம் போதும் என்று பலர் குறைத்துக்கொள்கிறார்கள், அது மேல். எதுவானாலும் இரவு ஊறும்போது சேர்க்கக் கூடாது. தெளிப்பதற்குச் சற்று முன்பு, தனியாகக் குழைத்துக் கலக்க வேண்டும். ஒரு மணி நேரம் காரத்தில் இருப்பதற்கும் ஓர் இரவு முழுக்க இருப்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு.

ஊறவைக்கிற 10 லிட்டரையாவது மழைநீராகவோ நல்ல குடிநீராகவோ எடுத்துக்கொள்ளுங்கள். மீதி போர் தண்ணீர் என்றால், ஒரு வாளியில் 10 லிட்டர் எடுத்து எலுமிச்சைச் சாறோ வினிகரோ கரண்டி கரண்டியாக விட்டுப் பிஹெச் தாளில் 6 வரும்வரை எத்தனை கரண்டி பிடிக்கிறது என்று எண்ணி, அந்தக் கணக்கில் மொத்தத்துக்கும் விடுங்கள். வேறொருவர் சொன்ன அளவை அப்படியே எடுக்காதீர்கள். எவ்வளவு பிடிக்கும் என்பது தண்ணீரில் உள்ள பைகார்பனேட்டைப் பொறுத்தது, ஊருக்கு ஊர் மாறும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அமிலம் விட்ட தண்ணீரில் காதி சோப்பு போட்டால் சோப்பு முறிந்து கொழுப்பாக மிதக்கும். கடினத் தண்ணீரிலும் சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து திரிதிரியாகத் திரளும், நாசிலை அடைக்கும். இரண்டுக்கும் பூந்திக்கொட்டை பொருந்தும். கால் கிலோ தோலை 3 லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்துப் பிசைந்து வடிகட்டுங்கள். கரைசலில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, ஒரு துளியைக் கத்தரி இலையில் விட்டுப் பாருங்கள். உருளாமல் பரவினால் நிறுத்திவிடலாம். பூந்திக்கொட்டையில் நுரை தரும் சப்போனினும் ட்ரைடெர்பினாய்டு குடும்பம்தான். அது சுண்ணாம்புக்கும் திரியாது, லேசான புளிப்புக்கும் முறியாது.

கோமியம்: புதிதாக இருக்கும்போதே பெரும்பாலும் காரப் பக்கம்தான். நாள்பட நாள்பட யூரியா அம்மோனியாவாக மாறி இன்னும் ஏறும். பத்து நாள் ஊறிய கரைசலில் வாடையாலும் அம்மோனியாவாலும் பூச்சி விலகலாம். அதை நான் மறுக்கவில்லை. அசாடிராக்டினை எதிர்பார்த்து ஊறப்போடுவது மட்டும் வீண். அதே காரணத்தால் போர்டோ கலவை, சுண்ணாம்பு, சாம்பல் தண்ணீர் எதோடும் ஒரே டேங்கில் கலக்கக் கூடாது.

---

மருந்துக்கடைக்காரர் எழுதியது:

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது. ஏக்கருக்கு 10 கிலோ பருப்பு உடைக்க ஓர் ஆள் கூலி, ஊறவைக்கப் பாத்திரம், பிழிய இன்னோர் ஆள். 10000 பிபிஎம் பாட்டில் வாங்கினால் லிட்டருக்கு 2 மில்லி, பத்து நிமிடத்தில் டேங்க் தயார். கொட்டை நல்லதா கெட்டதா என்ற ஜோசியமும் வேண்டாம்.

கேட்ட கணக்கு இது. பிபிஎம் என்பது லிட்டருக்கு மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளலாம். 300 பிபிஎம் பாட்டிலை லிட்டருக்கு 5 மில்லி விட்டால் தெளிப்பு நீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் அசாடிராக்டின். 1500 பிபிஎம் 5 மில்லி விட்டால் 7.5 மில்லிகிராம். 10000 பிபிஎம் 2 மில்லி விட்டால் 20. 50000 பிபிஎம் அரை மில்லி விட்டால் 25. விலை வித்தியாசம் இப்போது புரியும். 300 பிபிஎம் பாட்டிலில் பெரும்பகுதி வேப்பெண்ணெய்தான். அது எண்ணெயாக வேலை செய்கிறது, அசாடிராக்டினாக அல்ல. அசுவினி, வெள்ளை ஈ போன்ற மென்மையான பூச்சிக்கு எண்ணெய்ப் படலம் உதவும். புழுவுக்கு என்று கேட்டால் நான் 10000க்குக் கீழே எடுத்துக் கொடுப்பதில்லை.

வாங்கும்போது தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். வெயில் படும் கண்ணாடி அலமாரியில் அடுக்கியதை வாங்காதீர்கள். லேபிளில் பிபிஎம் எண்ணும் பதிவு எண்ணும் இல்லாமல் "தூய வேப்பெண்ணெய்" என்று மட்டும் போட்டிருந்தால் அதில் அசாடிராக்டின் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது.

---

மூலக்கூறு எழுதியது:

கணக்கு சரி. அதே கணக்கைக் கொட்டைக்கும் போட்டுப் பார்ப்போம். நல்ல பருப்பில் அசாடிராக்டின் 0.2 முதல் 0.6 சதம் வரை இருக்கும். மரத்துக்கு மரம் மாறும். 0.3 என்று வைத்தால் 5 கிலோவில் 15 கிராம். 100 லிட்டரில் அது முழுதும் இறங்கினால் லிட்டருக்கு 150 மில்லிகிராம். தண்ணீர் அதை முழுதாக இழுக்காது. பாதி என்றாலும் 75. பாட்டிலின் 20ஐவிட மூன்று மடங்குக்கு மேல். கூடவே சலானின், நிம்பின் முதலிய மற்ற லிமோனாய்டுகளும் வரும்.

அதே பருப்பு கெட்டுப்போய் 0.03 சதத்துக்கு இறங்கியிருந்தால் லிட்டருக்கு 7 மில்லிகிராம்தான் மிஞ்சும், 1500 பிபிஎம் பாட்டில் அளவுக்கு. "5 சதம்" என்ற பெயர் இரண்டுக்கும் ஒன்றே. பருப்பின் எடையைச் சொல்கிற எண் அது, மருந்தின் எடையை அல்ல. அதனால் கடைக்காரர் அண்ணன் சொல்வதை முழுக்கத் தள்ள முடியாது. கொட்டையை நம்ப முடியாதபோது பாட்டில்தான் சரி.

---

கரிசல்காடு எழுதியது:

நன்றி. மேல் சாக்கில் பார்த்தேன், பத்துக்கு ஏழு எட்டு உள்ளே வெளிர்பச்சை. அடியில் எடுத்ததில் பாதி பழுப்பு, பூஞ்சணம் கண்ணுக்குத் தெரியவில்லை. இரண்டையும் தனித்தனியாக வைத்திருக்கிறேன். இதில் எதை நம்புவது என்பதற்குச் சோதனை ஏதாவது சொல்லுங்கள். நாக்கில் வைத்தால் இரண்டுமே கசக்கிறது. குருத்துப்புழுவை இது தடுக்குமா என்றும் சொல்லவும்.

---

பூச்சிக்கணக்கு எழுதியது:

கசப்பை வைத்து எதுவும் சொல்ல முடியாது. வேம்பில் கசப்பது அசாடிராக்டின் மட்டுமல்ல, நிம்பின் வகையும் சலானினும் கசக்கும். அசாடிராக்டின் சிதைந்த பிறகும் அவை மிஞ்சும். நாக்கு ஏமாந்த இடத்தில் புழு ஏமாறாது. புழுவையே கேளுங்கள்.

கத்தரியில் புரோடீனியா முட்டைக் குவியல் இருக்கிறது என்றீர்கள். சின்னப் புழுக்கள் கிடைக்கும். ஒரு சென்டிமீட்டர் அளவில், ஒரே வயதுப் புழுவாக 30 பொறுக்குங்கள். பெரிய புழு வேண்டாம், அது எதையும் தாங்கும். மேல் சாக்குப் பருப்பு 50 கிராம், அடிச் சாக்குப் பருப்பு 50 கிராம், தனித்தனியாக ஒரு லிட்டர் தண்ணீரில் மேலே சொன்ன முறையில் ஊறவைத்து வடியுங்கள். மூன்றாவதாக வெறும் தண்ணீர். மூன்றிலும் ஒரே அளவு பூந்திக்கொட்டைச் சாறு. இந்த மூன்றாவது இல்லாவிட்டால் சோதனைக்கே பொருளில்லை. இலை வாடியதால் தின்னவில்லையா, மருந்தால் தின்னவில்லையா என்று சொல்ல முடியாது.

ஆமணக்கு இலையை ஒரே அளவுத் துண்டாக வெட்டி, அரை நிமிடம் முக்கி, நிழலில் ஈரம் போக உலர்த்துங்கள். மூன்று டப்பா, ஒவ்வொன்றிலும் இரண்டு துண்டும் பத்துப் புழுவும். புழுவை அதற்கு முன் நான்கு மணி நேரம் பட்டினி போடவும். மூடிக்குப் பதில் துணி கட்டுங்கள். காம்புக்கு ஈரப் பஞ்சு சுற்றினால் இலை வாடாது.

மறுநாள் காலை, வெறும் தண்ணீர் டப்பாவில் நரம்பு மட்டும் மிஞ்சியிருக்கும். நல்ல பருப்பு என்றால் இலையில் ஓரத்துக் கடிகள் மட்டும் இருக்கும், புழு மூடித் துணியில் ஏறி நிற்கும். பாதிக்கு மேல் தின்றிருந்தால் அந்தச் சாக்கை விட்டுவிடலாம். முடிந்தால் டப்பாவை அப்படியே ஐந்தாறு நாள் வைத்திருங்கள். முதல் நாளுக்குப் பிறகு எல்லா டப்பாவுக்கும் மருந்தில்லாத இலை போடவும். கொஞ்சம் தின்ற புழு தோலுரிக்க முடியாமல் பழைய தோலைப் பாதியில் மாட்டிக்கொண்டு கறுத்துக் கிடப்பதைப் பார்க்கலாம். அசாடிராக்டினின் முக்கியமான வேலை அதுதான். தோலுரிப்பை நடத்தும் எக்டைசோன் ஹார்மோன் உரிய நேரத்தில் சுரப்பதைக் குலைக்கிறது. நரம்பைத் தாக்குகிற விஷம் இல்லை. அதனால் வயலில் அடித்த மறுநாள் புழு செத்துக் கிடக்கிறதா என்று தேடாதீர்கள், இருக்காது. தின்கிறதா என்று பாருங்கள். மூன்றாம் நாள் புதுக் கடி இல்லாவிட்டால் வேலை நடக்கிறது என்று பொருள்.

எல்லாப் பூச்சியும் ஒன்றுபோல் அஞ்சாது. ஜெர்மன் பூச்சியியலாளர் ஹைன்ரிஹ் ஷ்முட்டரர் 1959இல் சூடானில் வெட்டுக்கிளிப் படை வந்துபோன பின் வேப்பமரம் மட்டும் இலையோடு நின்றதைக் கவனித்ததுதான் இந்த ஆராய்ச்சிக்கு ஒரு பெரிய தொடக்கம். 1962இல் டெல்லியில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் பிரதான் குழுவும் வேப்பம்பருப்புச் சாற்றுக்கு வெட்டுக்கிளி விலகுவதைக் காட்டியது. பாலைவன வெட்டுக்கிளி மிக நுண்ணிய அளவுக்கே வாயைத் திறக்காது. அதே பேரினத்தைச் சேர்ந்த அமெரிக்க வெட்டுக்கிளி ஒன்று அதைவிடப் பல மடங்கு கொடுத்தாலும் தின்றுகொண்டே இருக்கும். புரோடீனியா நம் நல்ல காலத்துக்கு அஞ்சும் கூட்டத்தில் இருக்கிறது. எபிலாக்னாவின் புழுவும் மட்டுப்படும். வளர்ந்த வண்டைக் கையால் பொறுக்குவது வேகமான வழி. அசுவினி உண்ணாமல் நிற்காது, அதன் குட்டிபோடுதல்தான் குறையும்.

குருத்துப்புழு வேறு கதை. முட்டை பொரிந்த சில மணி நேரத்தில் புழு குருத்துக்குள்ளோ காய்க்குள்ளோ போய்விடும். உள்ளே போனதை எந்தக் கரைசலும் தொடாது. தாய் அந்துப்பூச்சி முட்டையிடத் தயங்கும், வெளியே இருக்கும் அந்தச் சில மணி நேரத்தில் புழு கொஞ்சம் பாதிக்கப்படும். கரைசலின் பங்கு அவ்வளவுதான். வாடிய குருத்தை வாரம் ஒருமுறை ஓர் அங்குலம் கீழே சேர்த்துக் கிள்ளி, வயலுக்கு வெளியே கொண்டுபோய் அழிக்க வேண்டும். வரப்பில் போட்டால் புழு ஊர்ந்து திரும்ப வரும். கூடவே இந்தப் பூச்சிக்கான இனக்கவர்ச்சிப் பொறி, ஏக்கருக்கு ஐந்து. பொறியில் அந்து விழத் தொடங்கும் நாளிலிருந்து 7 முதல் 10 நாள் இடைவெளியில் கரைசல். இடையில் மழை பெய்து கழுவினால் கணக்கு மறுபடி முதல் நாளிலிருந்து.

---

செந்நிறக்குடுவை எழுதியது:

நான் எம்எஸ்சி வேதியியல். ப்ராஜெக்டுக்கு இதே கேள்விதான்: சேமிப்புக் காலத்துக்கு ஏற்ப அசாடிராக்டின் எவ்வளவு குறைகிறது. வனிலின் - கந்தக அமிலச் சோதனையில் 577 நானோமீட்டரில் அளக்கலாம் என்று சொன்னார்கள். ஒன்பது மாதக் கொட்டையிலும் புதுக் கொட்டைக்கு நெருக்கமாகவே அளவு காட்டுகிறது. இது எப்படிச் சாத்தியம்?

---

மூலக்கூறு எழுதியது:

அந்தச் சோதனை அசாடிராக்டினை மட்டும் பார்ப்பதில்லை தம்பி. வனிலினோடு சேர்ந்து நீலப்பச்சை நிறம் தருவது லிமோனாய்டு கூட்டம் முழுதும். நிம்பினும் சலானினும் சேர்த்து நிறம் கொடுக்கும். பாதி சிதைந்த அசாடிராக்டினும் கொடுக்கக்கூடும். நாக்குச் சொன்ன அதே பொய்யைத்தான் இந்த நிறமும் சொல்கிறது. லீபர்மன் - புர்ச்சார்ட் சோதனை இன்னும் மோசம். ஸ்டீரால், ட்ரைடெர்பீன் எது இருந்தாலும் நிறம் மாறும். இருக்கிறது, இல்லை என்பதற்கு மேல் அதில் ஒன்றும் கிடைக்காது.

கலவையிலுள்ள ஒவ்வொரு பொருளையும் பிரித்துத் தனியாக அளக்கிற ஹெச்பிஎல்சி கருவிதான் வழி. பிரித்தெடுக்கும்போது கவனிக்க வேண்டியது முதலில் எண்ணெய். பருப்பில் 40 சதத்துக்கு மேல் எண்ணெய் உண்டு. அதோடு மெத்தனாலில் போட்டால் குழம்பு மாதிரி வரும், கருவியில் பொருள்களைப் பிரிக்கும் குழாய் (காலம், column) நாசமாகும். 20 கிராம் தூளை ஹெக்சேனில் இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 100 மில்லி, அறை வெப்பத்தில் கலக்கி வடித்து எண்ணெயை நீக்கு. அசாடிராக்டின் ஹெக்சேனில் இறங்காது என்பதால் தூளிலேயே தங்கும். கரைப்பானைக் கொதிக்கவைத்துப் பிரித்தெடுக்கும் சாக்ஸ்லெட் கருவி வேண்டாம் என்பேன். ஹெக்சேன் சுமார் 69 டிகிரியில் கொதிக்கும். மணிக்கணக்கில் அந்தச் சூட்டில் தூளை வைத்துவிட்டுச் சேமிப்பில் எவ்வளவு சிதைந்தது என்று அளந்தால், எது சேமிப்பால், எது சாக்ஸ்லெட்டால் என்று பிரிக்க முடியாது.

எண்ணெய் போன தூளை நிழலில் உலர்த்தி, மெத்தனாலில் மூன்று முறை கலக்கி வடித்துச் சேர். வெற்றிடத்தில் ஆவியாக்கும்போது தண்ணீர்த்தொட்டி 40 டிகிரியைத் தாண்டக் கூடாது. முழுக்க உலர்த்தி ஒட்டவிடாமல் கொஞ்சம் ஈரத்தோடே நிறுத்தி, மெத்தனாலில் குறிப்பிட்ட கன அளவுக்குக் கொண்டுவந்து, 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து ஏற்று. சி18 காலம், அசிட்டோநைட்ரைல் - தண்ணீர், 217 நானோமீட்டர். அசாடிராக்டின் ஏ, பி இரண்டும் முன்னால் நெருக்கமாக வரும், நிம்பினும் சலானினும் பின்னால். ஏ, பி சிகரங்கள் ஒட்டிக்கொண்டால் அசிட்டோநைட்ரைலைக் குறைத்து ஓட்டத்தை நீட்டிப் பார். ஒப்பிட்டு அளக்க வைத்திருக்கும் நியமப் பொருளை (தூய அசாடிராக்டின்) மெத்தனாலில் கரைத்து வாரக்கணக்கில் மேசைமேல் வைக்காதே. சிறு குப்பிகளாகப் பிரித்து உறைநிலையில், அலுமினியத் தாள் சுற்றி வை. நியமமே சிதைந்திருந்தால் பழைய கொட்டை எல்லாம் புதுக்கொட்டை போலத் தெரியும்.

கொட்டையின் ஈரத்தை ஒவ்வொரு மாதிரிக்கும் தனியாக அளந்து, முடிவை உலர் எடைக்குச் சொல். ஆடியில் எடுத்ததும் சித்திரையில் எடுத்ததும் ஒரே ஈரத்தில் இருக்காது. இன்னொன்று, ஒரே மரத்துக் கொட்டையை மாதாமாதம் அளக்க வேண்டும். புதுசு ஒரு மரம், பழசு வேறு மரம் என்றால் மரத்துக்கு மரம் உள்ள வித்தியாசமே சேமிப்பு வித்தியாசத்தை விழுங்கிவிடும்.

---

வேம்படி எழுதியது:

கரிசல்காடு அண்ணே, அடுத்த ஆடிக்கு இப்போதே சொல்லிவைக்கிறேன். பழம் மஞ்சளாகத் திரும்பும்போது மரத்தடியில் பழைய சேலையோ தார்ப்பாயோ விரித்து, ஒன்றுவிட்டு ஒருநாள் அள்ளுங்கள். ஈர மண்ணில் ஒரு வாரம் கிடந்த பழத்தில் பூஞ்சணம் ஓட்டுக்குள்ளேயே போயிருக்கும். பொறுக்கிய அன்றோ மறுநாளோ தண்ணீரில் போட்டுக் கோணியில் தேய்த்துச் சதையை நீக்கிக் கழுவுங்கள். சதையோடு குவித்தால் புளித்துச் சூடேறும், அந்தச் சூடே பருப்பைக் கெடுத்துவிடும். முதல் நாள் சில மணி நேரம் லேசான வெயில் தவறில்லை, பிறகு நிழலில் ஒரு விரல் கனத்துக்குப் பரப்பித் தினமும் கிளறிவிட வேண்டும். குலுக்கினால் ஓட்டுக்குள் பருப்பு கடகடவென்று ஆட வேண்டும், அப்போதுதான் காய்ந்தது. சணல் சாக்கில் கட்டி, தரையில் படாமல் பலகை மேல், சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். ஓடு உடைப்பது தெளிக்கப் போகிற முதல் நாள்தான். உடைத்த பருப்பு ஓட்டோடு இருப்பதைவிட வெகு வேகமாகக் கெடும்.

தெளிப்பானைக் கழுவிய தண்ணீரை மீன் விடும் குட்டையில் கொட்டாதீர்கள், நீர்வாழ் உயிருக்கு ஆகாது. வேப்பெண்ணெயைக் கைக்குழந்தைக்குச் சளி என்று சங்கில் புகட்டும் வழக்கம் எங்கேயாவது மிச்சமிருந்தால் தடுத்துவிடுங்கள். வாந்தி, வலிப்பு, மூளை வீக்கம் என்று குழந்தைகள் பாதிக்கப்பட்டது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது.

---

கரிசல்காடு எழுதியது:

டப்பாச் சோதனை போட்டாயிற்று. மேல் சாக்குப் பருப்பு வைத்ததில் ஓரக்கடி மட்டும். அடிச் சாக்கில் முக்கால் இலை காலி, வெறும் தண்ணீரில் நரம்புதான் மிச்சம். மேல் சாக்கில் 6 கிலோ பருப்பு தேறும், அது 120 லிட்டருக்கு. மீதி 80 லிட்டருக்கு 10000 பிபிஎம் பாட்டில் 160 மில்லி வாங்கிக்கொள்கிறேன். இரண்டையும் ஒரே டேங்கில் கலக்கவில்லை. முட்டைக் குவியல் அதிகம் உள்ள கிழக்குப் பாத்திகளுக்குக் கொட்டைக் கரைசல், மற்றதுக்குப் பாட்டில்.